காவலூரில் டிரவுட் கிடைக்குமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கிறவங்க வார இறுதியில படிச்சுக்கலாம். மீன் சாப்பிடாதவங்களும் தாராளமா படிக்கலாம், சமையல் குறிப்பு எதுவும் உள்ளே கிடையாது :-)

அமெரிக்காவுல மூணு வருஷம் பொட்டி தட்டிட்டு ஊர் திரும்பின நண்பன் ஒருத்தன், பெட்டியோட பெட்டியா ஒரு நீளமான குழாயும் கொண்டு வந்திருந்தான். திறந்தா உள்ளே நாலு துண்டா கழட்டி மாட்டற தூண்டில் கழி. கூடவே ஒரு சின்ன டப்பா நிறைய பூச்சி. நிஜப் பூச்சி இல்லை. கொக்கி மேல நூலையும் இறகையும் சுத்திச் செஞ்ச பொய்ப் பூச்சி. அதுக்குப் பேர்தான் 'ஃப்ளை'. எடையே இல்லாத அந்தப் பூச்சியை, கனமான நூலை முன்னும் பின்னும் வீசி வீசி ஓடைத் தண்ணி மேல நிஜப் பூச்சி விழுந்த மாதிரி இறக்கணுமாம். மீன் ஏமாந்து கவ்வணுமாம். இதான் ஃப்ளை ஃபிஷிங்.

"மச்சி, உங்க ஊர் பக்கம் மலை இருக்குல்ல? டிரவுட் ஓடை ஏதாவது தேறுமா?" அப்படின்னு கேட்டான்.

எங்க ஊர் வாணியம்பாடி பக்கம். மலைன்னா எங்களுக்கு ஜவ்வாது மலை. அந்த மலையில எனக்குத் தெரிஞ்சது மூணு விஷயம்தான். சாமை, தேன், காவலூர் டெலஸ்கோப். ஓடையில என்ன மீன் இருக்குன்னு 28 வயசு வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை. "போய்ப் பார்த்துடுவோம்"னு சொல்லிட்டேன். கார்த்திகை மாசம், மழை முடிஞ்ச கையோட, ஒரு சனிக்கிழமை ஆலங்காயம் வழியா காவலூருக்கு வண்டியை விட்டோம்.

போற வழியில அவன் பாடம் எடுத்தான். புது ஊர்ல டிரவுட் ஓடை தேடறதுக்குன்னு ஒரு முறை இருக்காம். முதல்ல மேப். உயரக் கோடுகள் நெருக்கமா இருக்கிற சரிவுல, காட்டுக்குள்ள இருந்து கிளம்பற மெல்லிய நீலக் கோடுகளைக் குறிச்சுக்கணும். வருஷம் முழுக்க தண்ணி ஓடுதான்னு பார்க்கணும். அப்புறம் நேர்ல போய், அடியில சேறு இல்லாம கூழாங்கல் இருக்கான்னு பார்க்கணும், ஏன்னா டிரவுட் கூழாங்கல்லுக்கு நடுவுலதான் முட்டை போடும். கல்லைப் புரட்டி அடியில பூச்சிப் புழு ஒட்டியிருக்கான்னு பார்க்கணும், அதான் அதோட சாப்பாடு. கடைசியா, தூண்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு தெர்மாமீட்டரை எடுத்து தண்ணியில விடணும்.

காவலூர் தாண்டி கொஞ்சம் உள்ளே ஒரு ஓடை கிடைச்சது. சரிவு, ஓகே. கூழாங்கல், ஓகே. கல்லைப் புரட்டினா புழு, அதுவும் ஓகே. பயலுக்கு முகம் பிரகாசமாச்சு. தெர்மாமீட்டரை விட்டான். 24 டிகிரி.

"அவ்ளோதான் மச்சி. இதுல விட்டா டிரவுட் செத்துடும்"னு கழியைத் திரும்ப குழாய்க்குள்ள போட்டுட்டான்.

பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த மலையாளிப் பெரியவர் ஒருத்தர் (கேரளா இல்லைங்க, ஜவ்வாது மலைப் பழங்குடி மக்களுக்குப் பேரே மலையாளிதான்) இவ்வளவு நேரமும் எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தார். "என்னா தம்பி தேடறீங்க?"ன்னார். விளக்கமா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"இருக்கற மீனை வுட்டுட்டு இல்லாத மீனை எதுக்குத் தம்பி தேடறீங்க?"

சிரிச்சுட்டு வந்துட்டோம். ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் அந்தக் கேள்வி விடலை. தமிழ்நாட்டுல டிரவுட் எங்கேயாவது இருக்கா, இருந்தா யார் எப்போ கொண்டு வந்தாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா, 150 வருஷத்துக்கு முன்னாடி நீலகிரியில சில துரைமார்கள் இதே வேலையைப் பார்த்திருக்காங்க. இல்லாத மீனைத் தேடினவங்க, தேடி அலுத்து, கடைசியில மீனையே கப்பல்ல கொண்டு வந்துட்டாங்க!

முதல்ல கணக்கு

வரலாறுக்குப் போறதுக்கு முன்னாடி, காவலூர் ஏன் ஆகாதுங்கறதை முடிச்சுடுவோம்.

டிரவுட்டுக்குப் பிடிச்சது சுமாரா 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணி. 20-ஐத் தாண்டினா தடுமாறும். 25 பக்கம் போனா உயிருக்கே ஆபத்து. காரணம் சூடு மட்டும் இல்லை, மூச்சும்தான். 10 டிகிரி தண்ணி ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைக் கரைச்சு வச்சுக்கும். 28 டிகிரி தண்ணியில அது 8-க்கும் கீழ. தண்ணி சூடாக ஆக மீனுக்குத் தேவைப்படற ஆக்சிஜன் கூடும், கிடைக்கறதோ குறையும். நம்ம கெளுத்தியும் விராலும் இதுக்குப் பழகின உடம்பு. விரால் தலையை வெளியே நீட்டி காத்தையே குடிச்சுக்கும். டிரவுட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். சென்னையோட வருஷ சராசரி 28, 29 டிகிரி. காவலூர் 725 மீட்டர். கழிச்சுப் பார்த்தா 24. நண்பனோட தெர்மாமீட்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஊட்டி 2,240 மீட்டர். கழிச்சா 14. டிரவுட் வாழறதுக்கு அளவெடுத்து தைச்ச சட்டை மாதிரி. ஜவ்வாது மலையில எந்த உச்சிக்குப் போனாலும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான். ஆக இந்த மலையில ஒரு ஓடைகூட தேறாது. கேஸ் க்ளோஸ்.

இதுல ஒரு சுவாரசியம். காவலூரே ஒரு 'தேடல்'ல கிடைச்ச ஊர்தான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 1960-ல தலைமை ஏத்த வைணு பாப்பு, ராத்திரியில நட்சத்திரம் பார்க்க தோதா ஒரு இடம் தேடினார். 2,300 மீட்டர் உயரத்துல இருக்கிற கொடைக்கானல் அதுக்கு ஒத்து வரலை, மேகமும் மூடுபனியும் அதிகம். மேப்பையும் வானிலைக் கணக்கையும் வச்சுத் தேடித்தான் காவலூரைப் பிடிச்சார். பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரிதான், அதனால தெற்கு வானமும் நல்லாத் தெரியும். 1968-ல 38 செ.மீ. தொலைநோக்கியோட ஆரம்பிச்சாங்க. 1972-ல ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துல சில இடங்கள்ல இருந்து கண்டுபிடிச்சப்போ, அதுல காவலூரும் ஒண்ணு. 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு பாப்பு பேரையே வச்சாங்க.

வானியல்காரங்களை விரட்டின அதே மேகமும் மூடுபனியும்தான் டிரவுட் ஓடைக்குத் தாய்ப்பால். ஒரே மலை ரெண்டு பேருக்கும் சரிப்படாது. பாப்புவுக்குக் காவலூர் கிடைச்சது. டிரவுட் தேடினவங்களுக்கு நீலகிரி கிடைச்சது. ஆனா அது அவ்வளவு சுலபத்துல கிடைக்கலை.

முட்டையோட மல்லுக்கட்டு

நீலகிரி மேல வெள்ளைக்காரங்க குடியேற ஆரம்பிச்சது 1820களில். குளிர், பனி, புல்வெளி, சலசலன்னு ஓடை. எல்லாமே ஊரை ஞாபகப்படுத்துது. கழியோட ஓடைக்குப் போனா மட்டும் ஏமாற்றம். விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மீன்கள்தான். ஸ்காட்லாந்துல பார்த்த மாதிரி துள்ளிக் கவ்வற டிரவுட் எங்கே?

இந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்துல மருத்துவர், ஆனா மனசு முழுக்க மீன். பின்னாடி 1875-78ல இந்திய மீன்களைப் பத்தி படத்தோட இவர் எழுதின பெரிய புத்தகம் இன்னிக்கும் மீனியல் படிக்கறவங்க புரட்டற புத்தகம். 1863-ல இங்கிலாந்துல இருந்து டிரவுட் முட்டை கொண்டு வர முயற்சி பண்ணினார். தோல்வி. 1866-ல மறுபடியும் முயற்சி. நீலகிரியில டிரவுட் நிலைக்கலை.

பிரச்சினை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. டிரவுட் முட்டை பொரியறது வெப்பநிலையைப் பொறுத்தது. 10 டிகிரியில வானவில் டிரவுட் முட்டை ஏறக்குறைய ஒரு மாசத்துல பொரிஞ்சுடும். 5 டிகிரின்னா ரெண்டு மாசத்துக்கும் மேல ஆகும். இன்னும் குளிர்ச்சியா வச்சா இன்னும் தள்ளிப் போகும். அதாவது பனிக்கட்டிதான் அந்த முட்டையோட கடிகாரத்துக்கு பிரேக். அப்போ சூயஸ் கால்வாய் கிடையாது (1869-லதான் திறந்தாங்க). எகிப்து வரைக்கும் ஒரு கப்பல், நிலத்துல ரயில், செங்கடல்ல இன்னொரு கப்பல். செங்கடல் வெயில்ல பனிக்கட்டி தீர்ந்தா முட்டையோட கதையும் தீர்ந்தது. தப்பிப் பிழைச்சு மதராஸ் வந்தாலும், அங்கே இருந்து சமவெளியைக் கடந்து மலை ஏத்தணும்.

இதே நேரத்துல டாஸ்மேனியாவுல இதைச் சாதிச்சுட்டாங்க. ஜேம்ஸ் யூல்ங்கறவர் பல தோல்விகளுக்கு அப்புறம் ஈரப் பாசிக்குள்ள முட்டையை அடுக்கி, பெட்டியைக் கப்பலோட பனிக்கட்டி அறைக்குள்ள புதைச்சு அனுப்பினார். 'நார்ஃபோக்' கப்பல் 1864 ஏப்ரல்ல மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. அவங்க உண்மையில அனுப்பினது சால்மன் முட்டை. டிரவுட் முட்டை சும்மா கொசுறு. சால்மன் கடலுக்குப் போனது திரும்பவே இல்லை. கொசுறு பிழைச்சுக்கிச்சு!

நீலகிரியில பிழைச்சது டென்ச், க்ரூசியன் கெண்டை மாதிரி குளத்து மீன்கள். ஊட்டி ஏரியில அதுங்க பெருகிச்சு. ஆனா பூச்சியைப் போட்டு ஓடையில பிடிக்கற சுகம் அதுல கிடையாதே.

மீனுக்கு முன்னாடி சட்டம்

இந்த இடத்துலதான் நான் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1877-ல நீலகிரியில வேட்டைக்காரத் துரைமார்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க முயற்சியில 1879-ல மதராஸ் அரசு ஒரு சட்டம் போட்டது. பேரு 'நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம்'. சட்டத்தோட பேருலயே மீன் இருக்கு. டிரவுட்டோ அந்த ஓடைகள்ல இன்னும் நிலைக்கவே இல்லை. அது நிலைக்க இன்னும் முப்பது வருஷம் ஆகப்போகுது!

நம்ம பாஷையில சொன்னா, கோட் எழுதறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் போட்டுட்டாங்க.

நியாயத்துக்கு அவங்க பக்கத்தையும் சொல்லிடறேன். அப்போ காடும் ஓடையும் வேகமா காலியாகிக்கிட்டு இருந்தது நிஜம். தென் கன்னடத்துல கலெக்டரா இருந்த எச். எஸ். தாமஸ், இந்தியத் தூண்டில்காரங்க வேதமா மதிச்ச 'தி ராட் இன் இந்தியா' புத்தகத்தை 1873-ல எழுதினவர். ஆத்து மீன்களைக் காப்பாத்தணும்னு அரசாங்கத்துக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவரும் அவர்தான். ஓடையில விஷம் கலந்தோ வெடி வச்சோ மீன் பிடிக்கறதைத் தடுத்து 1897-ல இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனா காட்டுக்காய் நசுக்கிப் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கறது தலைமுறை தலைமுறையா மலை மக்களோட பழக்கமாவும் இருந்தது. அந்த ஒரே சட்டத்துல டைனமைட்காரனும் காய் நசுக்கினவரும் ஒரே வரிசையில நின்னாங்க. ஓடை யாருடையதுங்கற கேள்விக்கு அந்தக் காலத்துல சத்தமே இல்லாம ஒரு பதில் எழுதப்பட்டுச்சு.

இலங்கை வழியா வந்த அமெரிக்கன்

அடுத்த திருப்பம் இலங்கையில. அங்கே தோட்டத்துரைமார்கள் 1880களிலேயே நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகள்ல பழுப்பு டிரவுட்டைக் கொண்டு வந்து விட்டாங்க. அது வளர்ந்துச்சு, ஆனா இனம் பெருகலை. அப்புறம் கொண்டு வந்த வானவில் டிரவுட்தான் நிலைச்சுது.

காஷ்மீர்ல 1899-ல வந்த முதல் தவணை முட்டை வழியிலேயே போச்சு. 1900-ல ஸ்காட்லாந்துல இருந்து வந்த ரெண்டாவது தவணை பிழைச்சது. ஸ்ரீநகர்ல கம்பளத் தொழிற்சாலை நடத்தின பிராங்க் மிட்செல்ங்கறவர் அதை வளர்த்துக் காட்டினார். இன்னிக்கு அங்கே லிட்டர், சிந்த் ஆறுகள்ல தூண்டில் போடறவங்க பிடிக்கற பழுப்பு டிரவுட்டுக்கு அதான் ஆரம்பம்.

மதராஸ் மாகாணத்துல 1905-ல இருந்து மீன்வள வேலைகளைக் கையில எடுத்தவர் சர் பிரெடெரிக் நிக்கல்சன். கூட்டுறவு வங்கிகளைப் பத்தின அறிக்கைக்காக வரலாற்றுப் புத்தகத்துல வர்ற அதே நிக்கல்சன்தான். 1907-ல மீன்வளத் துறை உருவாச்சு. நீலகிரி டிரவுட் வேலைக்குன்னு எச். சி. வில்சன்ங்கற நிபுணரை வச்சாங்க. 1906-ல ஆரம்பிச்சு சில வருஷங்கள்ல இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து மூணு இடத்துல இருந்தும் வானவில் டிரவுட் முட்டைகள் வந்துச்சு. அவலாஞ்சியில 1907-ல பொரிப்பகம் கட்டினாங்க. ஓடைத் தண்ணியைத் தொட்டிகளுக்குள்ள திருப்பி, தட்டுகள்ல முட்டையைப் பரப்பி, குஞ்சு கொஞ்சம் தேறினப்புறம் ஓடையில விடறது. இந்தத் தடவை ஜெயிச்சுட்டாங்க. சில வருஷத்துல மேல்பவானி, முக்கூர்த்திப் பக்க ஓடைகள்ல டிரவுட் தானாவே முட்டை போட்டு வாழ ஆரம்பிச்சது.

ஏன் இந்தத் தடவை மட்டும்? எனக்குத் தோணற காரணம் மூணு. முட்டை வந்த தூரம் குறைஞ்சது, இலங்கை பக்கத்து வீடு. ஊர் மேல இருந்த ஆசையில பழுப்பு டிரவுட்டையே கட்டிக்கிட்டு அழாம, சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கற வானவில் டிரவுட்டுக்கு மாறினாங்க. நேரா ஓடையில கொட்டாம பொரிப்பகத்துல வச்சுத் தேத்தி விட்டாங்க.

இதுல பெரிய வேடிக்கை, வானவில் டிரவுட் இங்கிலாந்து மீனே கிடையாது. அதோட சொந்த ஊர் வட அமெரிக்காவோட பசிபிக் கரையும் ரஷ்யாவோட கம்சாத்காவும். கலிபோர்னியாவுல இருந்து 1883-ல நியூசிலாந்து போச்சு, அதே 1880களில் ஜெர்மனிக்கும் போச்சு, அங்கே இங்கே சுத்தி ஊட்டி வந்தது. இங்கிலாந்து ஞாபகத்துக்காக ஏங்கின துரை கடைசியில பிடிச்சுச் சந்தோஷப்பட்டது ஒரு அமெரிக்க மீனை :-)

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. நண்பனோட டப்பாவுல ஒரு பூச்சியில சின்னதா, மஞ்சள் மெழுகு சொட்டின மாதிரி பளபளன்னு ஒரு இறகு. "இதுக்கு ஜங்கிள் காக்னு பேரு மச்சி, ரொம்ப ஒசத்தி, பழைய காலத்து ஃப்ளை எல்லாத்துலயும் இருக்கும்"னான். தேடிப் பார்த்தா, அது நம்ம சாம்பல் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு! இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகத்துல எங்கேயும் இயற்கையா இல்லாத பறவை. ஜவ்வாது மலையில விடியக்காலை கூவறதும் இதேதான். 'ஜாக் ஸ்காட்' மாதிரி பேர் பெற்ற ஸ்காட்லாந்து சால்மன் ஃப்ளைகள்ல அந்த இறகு இல்லாம ஆகாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் காட்டுக்கோழியைப் பிடிக்கறதும் கொல்றதும் குற்றம். இப்போ பண்ணையில வளர்த்த பறவையோட இறகையோ பிளாஸ்டிக் நகலையோதான் வச்சுக் கட்டறாங்களாம்.

காலி ஓடைன்னு ஒண்ணு கிடையாது

பெரியவரோட கேள்விக்கு வருவோம். இருக்கற மீனை விட்டுட்டு இல்லாத மீனை எதுக்குத் தேடறீங்க?

துரைமார்களுக்கு அந்த ஓடைகள் 'காலி'யா தெரிஞ்சுச்சு. டிரவுட் இல்லைன்னா மீனே இல்லைன்னு அர்த்தம். ஆனா ஓடை காலியா இல்லை. விரல் நீள மீன், தவளை, தலைப்பிரட்டை, இறால், பூச்சிப் புழு எல்லாம் வேற எங்கேயும் இல்லாத அந்தக் குளிர்த் தண்ணிக்குப் பழகி வாழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. டிரவுட் ஒரு வேட்டை மீன். வந்தவுடனே பசிக்கும். ஹோர்ட்டன் சமவெளியில அந்த ஊருக்கே உரிய நன்னீர் இறால் ஒண்ணு டிரவுட்டுக்கு இரையாகிக்கிட்டு இருக்கு. உலகத்தோட மிக மோசமான அந்நிய ஊடுருவி உயிரினங்கள் 100-ன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் ரெண்டுமே உண்டு.

மனுஷங்களும் இருந்தாங்க. தோடர்கள் பாரம்பரியமா மாமிசம் சாப்பிடாதவங்க, ஓடையும் புல்வெளியும் அவங்களுக்கு எருமையோட வாழற இடம். அவங்க மீன் பிடிக்காததாலயே அந்தத் தண்ணி யாருக்கும் வேண்டாத தண்ணின்னு ஆகிடாது.

சரி, அப்போ டிரவுட் வில்லனா? அப்படியும் முடிக்க முடியலை. ஏன்னா அதுக்கு அப்புறம் நடந்தது இன்னும் பெருசு. மேட்டுப் புல்வெளியில சீகை மரத்தையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் மைல் கணக்கா நட்டாங்க. 1956-ல குந்தா மின்திட்டம் கனடா உதவியோட ஆரம்பிச்சது. 1960களில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் வந்து, டிரவுட் ஓடிய பள்ளத்தாக்குகள் பல தண்ணிக்குள்ள போச்சு. நமக்கு அதுல இருந்துதான் கரண்ட் வருது, அதனால குறை சொல்லவும் வாய் வராது. மிச்சம் இருக்கிற டிரவுட், அணைக்கு மேல சோலையில இருந்து வர்ற ஓடைகள்லயும் நீர்த்தேக்கங்கள்லயும் வாழுது.

சோலை பெய்யற மழையைப் பஞ்சு மாதிரி குடிச்சு, வெயில் காலத்துல சொட்டுச் சொட்டா விடுது. மரத்தோட நிழல் தண்ணியைச் சூடாகாம வச்சுக்குது. சோலை போனா ஓடை மழைக்கு வெள்ளம், கோடைக்குக் கல். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி காலையோட முடிஞ்ச ஒரே நாள்ல அவலாஞ்சியில 82 செ.மீ. மழை கொட்டுச்சு. சென்னையில அரை வருஷத்துக்கும் மேல பெய்யற மழை அது. அப்படி ஒரு மழையைக் குடிக்க எவ்வளவு சோலை வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆக, அந்நிய மீனா இருந்தாலும் டிரவுட் இப்போ ஒரு தெர்மாமீட்டர் வேலை பார்க்குது. ஒரு ஓடையில அது தானா முட்டை போட்டு வாழுதுன்னா, அந்த ஓடைக்கு மேல சோலை இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அதைக் கொண்டு வந்தவங்க அதுக்காகக் கொண்டு வரலை. ஆனா இன்னிக்கு அது சொல்ற சேதி அதான்.

(நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் படிச்சுட்டுக் கழியைத் தூக்கிக்கிட்டு நேரா அவலாஞ்சிக்குக் கிளம்பிடாதீங்க. அந்த ஓடைகள்ல பல முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ள, காப்புக் காட்டுக்குள்ள இருக்கு. வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது.)

மறுபடியும் காவலூர்

தை மாசம் மறுபடியும் காவலூர் போனேன். இந்தத் தடவை நண்பன் இல்லை, கழி இல்லை. தெர்மாமீட்டர் மட்டும். கார்த்திகையில சலசலன்னு ஓடின அந்த ஓடை, நாலஞ்சு குட்டையா சுருங்கி இருந்துச்சு.

பெரியவர் அன்னிக்கும் இருந்தார். "நான் சின்னப் பையனா இருக்கச்சே மாசி கடைசி வரைக்கும் ஓடும் தம்பி. மேல மரம் இருந்துச்சு"ன்னார். ஒரு குட்டை ஓரமா குந்தி, கல்லை மெல்ல நகர்த்திக் காட்டினார். கல்லுக்கு அடியில அயிரை மாதிரி சின்னதா, மணல் நிறத்துல ரெண்டு மீன் சரக்குன்னு நழுவிப் போச்சு. "இது என்ன மீனு?"ன்னு கேட்டேன். ஒரு பேர் சொன்னார். வீட்டுக்கு வந்து நூலகப் புத்தகத்துல தேடினேன், அந்தப் பேர்ல எதுவும் இல்லை. பிரான்சிஸ் டே படம் போட்டு எழுதின மீன்கள்ல ஒண்ணா இருக்கலாம். அவர் கண்ணுக்குப் படாத ஒண்ணாவும் இருக்கலாம்.

கலிபோர்னியாவுல இருந்து ஊட்டி வரைக்கும் ஒரு மீன் எந்த வழியா வந்துச்சுன்னு வருஷத்தோட என்னால சொல்ல முடியுது. எங்க வீட்டுல இருந்து ஒரு மணி நேரத் தூரத்துல, கல்லுக்கு அடியில இருக்கற மீனுக்குப் பேர் தெரியலை. இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. அந்தக் குட்டை பங்குனி வரைக்கும் தாங்காதுன்னு பெரியவர் சொன்னார். அதுக்குள்ள இன்னொரு தடவை போகணும், ஒரு நல்ல கேமராவோட.

உங்க ஊர் ஓடையில, ஏரியில, கால்வாய்ல என்ன மீன் இருக்கு? ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க? தெரிஞ்சவங்க உங்க பக்கத்துல ஒரு பதிவாப் போடுங்க மக்களே. தெரியாதவங்க வீட்டுல இருக்கற பெரியவங்களைக் கேட்டுட்டுப் போடுங்க. தண்ணி இருக்கும்போதே கேட்டுடுங்க.